தொண்டின் பலனை அளப்பது எப்படி? மதுரை வட்டாரத் தொண்டு அமைப்புகளுக்கும் தன்னார்வலர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஓர் அறக்கட்டளையின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் முகாம்கள் இத்தனை, பயனாளிகள் இத்தனை, மரக்கன்றுகள் இத்தனை என்று எண்கள் வரிசையாக இருக்கும். பணம் செலவானதற்கு அவை சாட்சி, அவ்வளவுதான். அந்தப் பயனாளிகளில் யாருக்கு என்ன மாறியது, மாறியது நிலைத்ததா, அந்த அமைப்பு ஊருக்குள் வராமலே இருந்திருந்தாலும் அதில் எவ்வளவு நடந்திருக்கும்? இந்த மூன்றுக்கும் அறிக்கையில் பெரும்பாலும் விடை இருக்காது. மூன்றாவது கேள்விதான் கடினமானது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதற்குத்தான்.

அந்தக் கேள்வியை ஏன் விடவே கூடாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கொரோனாவால் பள்ளிகள் ஏறத்தாழ 18 மாதங்கள் மூடிக் கிடந்தபின், 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். பொருளியல் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தார்கள். இழந்த கற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் திட்டத்தின் பங்கு சுமார் 24 விழுக்காடு. அத்தனை பெரிய மாநிலத்தில் அது பெரிய சாதனை. ஆனால் முன்னும் பின்னும் மட்டும் தேர்வு வைத்திருந்தால், 100 விழுக்காடும் தன்னார்வலர்கள் கணக்கில் விழுந்திருக்கும். பள்ளிக்கூடம் செய்த வேலையும் வளரும் பிள்ளையின் இயல்பும் காணாமல் போயிருக்கும்.

1. மாறவேண்டியதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

வேலை தொடங்குமுன், காசு கையில் வருமுன், இதைச் செய்யவேண்டும். யாருக்கு, எது, எவ்வளவு, எப்போதைக்குள் என்ற நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்கட்டும். “கிராமப்புறப் பெண்களை மேம்படுத்துதல்” என்பதை யாராலும் அளக்க முடியாது. “உசிலம்பட்டிப் பகுதியில் நாங்கள் வேலை செய்யும் ஆறு ஊர்களில், குழுவில் சேரும் பெண்களின் கந்துவட்டிக் கடன் இரண்டு ஆண்டில் பாதியாகக் குறையவேண்டும்” என்பதை அளக்கலாம்.

கந்துவட்டியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சுயஉதவிக் குழுக்கள் இந்த வட்டாரத்தில் வேர்பிடித்து நிற்பவை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் இயக்கத்தை அறியாத ஊர் இங்கே குறைவு. ஆனால் எத்தனை குழு, எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு கடன் கொடுத்தோம் என்பவை குழுவின் உடல்நலத்தைக் காட்டும், குடும்பத்தின் உடல்நலத்தைக் காட்டா. ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளில் குறுங்கடன் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பகுதிகளில் மட்டும் முதலில் கடன் நிறுவனம் கிளை திறந்தது. தொழில் முதலீடு கூடியிருந்தது. குடும்பத்தின் சராசரிச் செலவிலோ பிள்ளைகள் படிப்பிலோ பெண்களின் முடிவெடுக்கும் உரிமையிலோ குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. கடன் வாங்கியவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது எதுவும் வெளியே வந்திருக்காது. ஆகவே குழுவுக்குள் வரவுசெலவு எழுதும்போதே, “வெளியே யாரிடம், எவ்வளவு, என்ன வட்டிக்கு” என்று ஒரு பத்தியையும் நோட்டில் சேர்த்துவிடுங்கள்.

2. சங்கிலியை வரைந்து, அறுந்துபோகும் கண்ணியைக் கண்டுபிடியுங்கள்

போட்டது, செய்தது, கிடைத்தது, மாறியது என்று இடமிருந்து வலமாக ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் கீழே, எது உண்மையாக இருந்தால் அடுத்தது நடக்கும் என்று குறியுங்கள்.

கண் சிகிச்சை முகாமைப் பாருங்கள். சுவரொட்டி ஒட்டினோம், 300 பேர் வந்தார்கள், பரிசோதித்தோம். இதில் அறுவை தேவைப்பட்டவர் எத்தனை பேர், அவர்களில் வேனில் ஏறியவர் எத்தனை பேர், அறுவைக்குப் பின் பார்வை எந்த அளவுக்கு வந்தது? 1976இல் 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் அனுபவம் இங்கே பாடம். அறுவை இலவசம் என்பதாலேயே எல்லோரும் வந்துவிடவில்லை. பயணச் செலவு, இழக்கும் நாட்கூலி, துணைக்கு ஆள், பயம் எல்லாம் தடுத்தன. போக்குவரத்தும் உணவும் சேர்த்துக் கொடுத்தபின்தான் சங்கிலி பிடித்துக்கொண்டது. கடைசிக் கண்ணிக்கும் அளவுகோல் இருக்கிறது. அறுவை முடிந்த கண்களில் குறைந்தது 80 விழுக்காடு, கையில் இருக்கும் கண்ணாடியோடு 6/18 (இயல்பான கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது அதைவிட நல்ல பார்வை பெறவேண்டும். 6/60க்கும் கீழே நிற்பவை 5 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். இது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முகாம் நடத்தும் சங்கம் மருத்துவமனையிடம் கேட்டு வாங்கவேண்டிய எண்கள் இவை. இலவசக் கண்ணாடி கொடுத்தவர்கள் ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் வீட்டுக்குப் போய், கண்ணாடி முகத்தில் இருக்கிறதா பெட்டியில் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

ரத்ததான முகாமில் அறுவது வேறு இடத்தில். தானமாகப் பெற்ற முழு ரத்தம் 35 நாள் தாங்கும், பிரித்தெடுத்த தட்டணுக்கள் 5 நாள்தான். ஒரே தலைவரின் பிறந்தநாளில் ஊர் முழுக்க முகாம் வைத்தால் ஒரு வாரத்தில் குவியும், அடுத்த மாதம் வற்றும். எத்தனை யூனிட் எடுத்தோம் என்பதோடு எத்தனை யூனிட் காலாவதியானது என்றும் ரத்த வங்கியில் கேளுங்கள். முகாம் தேதியை அவர்கள் சொல்லும் வறட்சி மாதத்துக்கு மாற்றுவதே பெரும்பாலும் சிறந்த தொண்டாக இருக்கும். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். திரும்ப வரும் கொடையாளர் விகிதம் மிக நல்ல குறியீடு.

3. குறியீடுகள் ஐந்துக்கு மேல் வேண்டாம்

படிவம் நீளமானால் பதில் பொய்யாகும். ஒரு மாலைநேரப் படிப்பு மையத்துக்கு மூன்று போதும்: வருகை, வாசிக்கும் நிலை, கணக்கு நிலை. வாசிப்பை அளக்கப் புதிதாகக் கருவி செய்யவேண்டியதில்லை. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க 2005 முதல் நாடு முழுதும் நடக்கும் ஏசர் (ASER) கணக்கெடுப்பின் தாள் தமிழிலும் இருக்கிறது. எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புத் தரப் பத்தி, இரண்டாம் வகுப்புத் தரக் கதை என்று நான்கு படி. பத்தியில் தொடங்குங்கள். தங்குதடையின்றிப் படித்தால் கதைக்குப் போகவும், தடுமாறினால் சொல்லுக்கு இறங்கவும். ஐந்து சொல்லில் நான்கு சரியாக வந்தால் அந்தப் படி தேறியது. கணக்கில் ஓரிலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் தோழி உதட்டை அசைத்தாலே முடிவு கெடும். பாடம் நடத்துகிற அக்காவே சோதிக்கக் கூடாது. பக்கத்து மையத்துக்காரர் வந்து சோதிக்கட்டும்.

4. தொடக்க நிலையைப் பதியுங்கள்

தொண்டு அமைப்புகள் அதிகம் தவறவிடும் படி இது. நன்கொடையாளர் அவசரப்படுத்துவார், பணம் மார்ச்சுக்குள் செலவாகவேண்டும், “வேலையை ஆரம்பிப்போம், கணக்கெடுப்பு பிறகு” என்பார்கள். பிறகு எடுத்தால் அது தொடக்க நிலை ஆகாது. குறைந்தது இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

மாதம் முக்கியம். மதுரை மல்லி பறிக்கும் குடும்பத்தின் வருமானம் குளிர்காலத்தில் ஒரு மாதிரி, வெயில் காலத்தில் ஒரு மாதிரி. பனியில் பூ குறையும், விலை ஏறும். கோடையில் பூ குவியும், விலை இறங்கும். முகூர்த்த மாதங்களின் கதை தனி. தையில் ஒரு கணக்கும் ஆனியில் ஒரு கணக்கும் எடுத்து வருமானம் மாறிவிட்டது என்று எழுதினால், அங்கே மாறியது பருவம்தான். தொடக்கமும் முடிவும் ஒரே தமிழ் மாதத்தில் இருக்கட்டும். சித்திரைத் திருவிழா நாட்களில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். பூப்பறிக்கப் போகிறவர்களை விடியற்காலையில் தேடக் கூடாது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைச் சாயங்காலம்தான் பார்க்கமுடியும்.

தொடக்க நிலையைத் தவறவிட்டிருந்தால், பள்ளி வருகைப் பதிவேடு, குழுவின் பழைய கணக்கு நோட்டு, ஆரம்ப சுகாதார நிலையப் பதிவு போன்ற எழுத்து ஆதாரங்களைத் தேடுங்கள். “மூன்று வருஷத்துக்கு முன்னாடி எவ்வளவு சம்பாதிச்சீங்க?” என்று நினைவை நம்பிக் கேட்டால் வரும் எண்ணுக்கு மதிப்பு மிகக் குறைவு.

5. “நாம் வராமல் இருந்திருந்தால்?”: ஒப்பீட்டுக் குழு

மிகச் சுத்தமான வழி குலுக்கல். இடம் 60, விண்ணப்பம் 120 என்றால், சீட்டு எழுதிக் குடத்தில் போட்டு ஊர் மந்தையில் எல்லோரும் பார்க்க ஒரு சிறுபிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறைதான் இது. சிபாரிசுக்கு இடமில்லை என்பதால் ஊருக்கும் நியாயமாகப் படும். சீட்டு வராத 60 பேர் உங்கள் ஒப்பீட்டுக் குழு. அவர்களுக்கு அடுத்த அணியில் இடம் உறுதி என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். சொன்னதைக் காப்பாற்றவும் வேண்டும்.

குலுக்கல் முடியாத இடத்தில் கட்டம்கட்டமாகப் போகலாம். 12 ஊர் என்றால் 6 ஊர் முதல் ஆண்டு, 6 ஊர் அடுத்த ஆண்டு. எது முதலில் என்பதையும் சீட்டே தீர்மானிக்கட்டும். அதுவும் முடியாதபோது, பக்கத்தில் ஒத்த நிலையிலுள்ள ஊரைத் தேர்ந்தெடுங்கள். பெரியாறு வாய்க்கால் பாயும் ஊரையும் மானாவாரி ஊரையும் ஒப்பிடக் கூடாது. பேருந்து வரும் ஊரையும் வராத ஊரையும் ஒப்பிடுவதும் அப்படித்தான்.

கணக்கு எளிது. மையத்தில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். கதை படிக்கத் தெரிந்தவர்கள் ஜூனில் 8, மார்ச்சில் 22. கூடியது 14. மையம் இல்லாத பக்கத்து ஊரில் அதே வகுப்புப் பிள்ளைகள் 40 பேரில் ஜூனில் 9, மார்ச்சில் 17. கூடியது 8. மையத்தின் பங்கு 14 அல்ல, 6. நாற்பது பேரை வைத்துப் பார்க்கும்போது ஆறு என்ற வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடும். பத்து மையங்களைச் சேர்த்துப் பார்த்தும், மறு ஆண்டிலும் அது அதே பக்கம் சாய்ந்தால் நம்பலாம்.

இங்கே இரண்டு குழிகள் உண்டு. முதலாவது, ஒரே ஒரு தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பது. அன்று காய்ச்சலாக இருந்த பிள்ளையும் அதில் இருக்கும். அடுத்த தேர்வில் அது தானாகவே மேலே வரும், பெயர் உங்களுக்கு வரும். ஒப்பீட்டுக் குழுவையும் அதே தேர்வில் அதே மதிப்பெண் வைத்தே எடுங்கள். இரண்டாவது குழி, நடுவில் நின்றுவிட்ட பிள்ளைகளைக் கணக்கிலிருந்து அழிப்பது. நின்றவர்களில் பலர் திணறியவர்கள். ஜூனில் பெயர் எழுதிய 40 பேரையும் மார்ச்சில் தேடிப்பிடித்துச் சோதிக்கவேண்டும்.

அரசுத் திட்டங்களையும் பட்டியலிடுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. அது நடக்கும் பள்ளிக்கு ஒரு சங்கமும் காலையில் இட்லி கொடுத்தால், கொடுத்த தட்டுகளின் எண்ணிக்கை பெரிதாக இருக்கும், பசி தீர்ந்த கணக்கு ஏறத்தாழப் பூஜ்யம். அதே பணத்தை எந்தத் திட்டமும் எட்டாத செங்கல் சூளைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனால் கணக்கு தலைகீழாக மாறும். அரசுப் பள்ளித் தொடக்க வகுப்புகளில் வாசிப்பும் கணக்கும் கற்பிக்க 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் உங்கள் படிப்பு மையத்தோடு ஒரே காலத்தில் ஓடுகிறது என்பதையும் மறக்கவேண்டாம்.

6. யாரைக் கேட்பது, எத்தனை பேரை

ஊரில் 600 வீடு, 60 வீடு பார்க்கவேண்டும் என்றால் 600ஐ 60ஆல் வகுத்தால் 10. ஒன்று முதல் பத்துக்குள் ஒரு சீட்டு எடுங்கள். 7 வந்தால் 7, 17, 27 என்று போங்கள். பூட்டிய வீட்டுக்கு இன்னும் இரண்டு முறை போகவேண்டும். பக்கத்து வீட்டில் கேட்டு எழுதக் கூடாது, ஏனென்றால் எப்போதும் ஆள் இருக்கும் வீடும் வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீடும் ஒன்றல்ல. வீட்டுப் பட்டியலை நீங்களே தெருத்தெருவாக நடந்து தயாரியுங்கள். ரேஷன் அட்டைப் பட்டியலை நம்பினால் அட்டை இல்லாதவர்கள் விடுபடுவார்கள், தொண்டு அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

சீட்டுப்போட்டு எடுத்த 100 பேரிடம் கேட்டால் வரும் விழுக்காட்டில் முன்பின் 10 புள்ளி தவறு இருக்கலாம். 400 பேர் என்றால் 5 புள்ளி. பாதியாகக் குறைக்க நாலு மடங்கு ஆள் வேண்டும். சிறிய எண்ணிக்கையில் எச்சரிக்கை தேவை. ஆண்டுக்கு 40 குழந்தை பிறக்கும் ஊரில் ஒரு வருஷம் 15 பெண், மறு வருஷம் 23 பெண் பிறந்தால் அது விழிப்புணர்வுக் கூட்டத்தின் வெற்றி என்று எழுதிவிடக் கூடாது. நாற்பதில் 13 முதல் 26 வரை ஏறி இறங்குவது இயல்பிலேயே நடக்கும். பெண் குழந்தைப் பிறப்பு விகிதம் போன்றவற்றைப் பல ஊர், பல ஆண்டு சேர்த்தே பார்க்கவேண்டும்.

எல்லா எண்ணையும் ஊர்ப் பகுதி, காலனி என்று பிரித்து எழுதுங்கள். ஆண், பெண், மாற்றுத்திறனாளி என்றும் பிரியுங்கள். படிப்பு மையம் ஊர்ச் சாவடியிலோ கோயில் மண்டபத்திலோ நடந்தால் காலனிப் பிள்ளைகள் பெயரளவுக்குச் சேர்ந்து இரண்டே வாரத்தில் நின்றுவிடுவது உண்டு. மொத்த வருகை 80 விழுக்காடு என்று அழகாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் 95, மறுபக்கம் 30 என்று நிற்கும். சராசரி மூடி மறைக்கும் இந்த அநீதியைக் கண்டுபிடிக்க முடியாத அளவீடு எதற்கும் உதவாது. மையத்தை இரு பகுதிப் பிள்ளைகளும் தயக்கமில்லாமல் வரும் பள்ளிக்கூடத்துக்கோ காலனிக்குள்ளேயோ மாற்றிவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள்.

7. எப்படிக் கேட்பது

“எங்கள் பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருந்துச்சு சார்” என்பார்கள். வீடு தேடி வந்தவரை மனம் நோகவிடக் கூடாது, அடுத்த வருஷமும் ஏதாவது வரும் என்ற இரண்டும் அந்தப் பதிலில் இருக்கின்றன. “அக்கா, போன வாரத்துல எத்தனை நாள் மிஷின்ல உக்காந்தீங்க? என்ன தச்சீங்க? கைக்கு எவ்வளவு வந்துச்சு?” என்று கேளுங்கள். செயல், நாள், தொகை. கருத்து கேட்கவே வேண்டாம் என்பதல்ல, அதைக் கடைசியில் திறந்த கேள்வியாகக் கேளுங்கள்: “இதுல எது சரியில்ல?”

உதவி கொடுத்தவரே கேட்கக் கூடாது. அமைப்பின் பெயர் போட்ட சட்டையும் வேண்டாம். குழுத் தலைவி பக்கத்தில் இருக்கும்போது உறுப்பினர் கடனைப் பற்றி வாய் திறக்கமாட்டார். மதுரையில் சமூகப்பணி படிக்கும் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். பயணப்படியும் சாப்பாடும் கொடுத்து, இரண்டு நாள் பழக்கி அனுப்பலாம். முதலில் பத்துப் பேரிடம் சோதித்துப் பாருங்கள். “மாத வருமானம்” என்ற கேள்வி வாரக்கூலிக்காரரிடம் எடுபடாது என்பது போன்ற சங்கதிகள் அங்கேதான் தெரியவரும். கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவசச் செயலியில் தமிழிலேயே படிவம் செய்யலாம், சிக்னல் இல்லாத ஊரிலும் ஓடும். பத்துக்கு ஒரு வீட்டை வேறொருவர் மறுபடி போய் நான்கைந்து கேள்வி மட்டும் கேட்டுச் சரிபார்க்கவேண்டும். இந்தச் சரிபார்ப்பு நடக்கும் என்று தெரிந்தாலே மரத்தடியில் உட்கார்ந்து படிவம் நிரப்புவது நின்றுவிடும்.

ஒப்புதல் கேட்டபின் எழுதுங்கள். “பதில் சொல்லாவிட்டாலும் உங்களுக்குக் கிடைப்பது நிற்காது” என்று வாயால் சொல்லுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, கடன் விவரமும் நோய் விவரமும் எழுதிய தாளை டீக்கடை மேசையில் வைத்துவிட்டு வருவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம். பெயர் ஒரு தாளில், எண் போட்ட விவரம் வேறு தாளில் இருக்கட்டும்.

8. கழித்துக் காட்டும் கணக்கு

தையல் பயிற்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். செலவு 9 லட்சம். பயிற்சி பெற்றவர்கள் 60. ஆளுக்கு 15,000 ரூபாய் என்று அறிக்கை சொல்லும். ஆறு மாதம் கழித்துப் போனால் தையலில் சம்பாதிப்பவர்கள் 24 பேர். இப்போது 37,500. சீட்டு விழாத 60 பேரில் 8 பேர் பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்றுக்கொண்டு தைக்கிறார்கள். ஆகவே பயிற்சியால் கூடுதலாக வந்தவர்கள் 16. ஒரு வாழ்வாதாரத்தின் விலை 56,250 ரூபாய்.

இன்னும் ஒன்று கழியவேண்டும். அந்த 16 பேர் புதிதாகத் துணி பிடித்தார்களா, அதே தெருவில் ஏற்கெனவே தைத்துக்கொண்டிருந்தவர்களின் துணியைப் பிடித்தார்களா? பழைய தையல்காரர்கள் பத்துப் பேரிடம் “ஆறு மாசத்துல வரும் துணி கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா” என்று கேட்டால் தெரியும். பள்ளிச் சீருடையோ சுங்குடி ஓரத் தையலோ வெளியூர் ஆர்டராக வந்திருந்தால் இந்த இடப்பெயர்ச்சி குறைவாக இருக்கும். ஓராண்டு கழித்து மறுபடி போய், 16 பேரில் எத்தனை மிஷின் ஓடுகிறது, எத்தனை விற்கப்பட்டது என்று எண்ணுங்கள்.

56,250 என்பது அதிகமா குறைவா என்று தனியே நின்று சொல்லமுடியாது. அதே காசில் ஆட்டுக்குட்டி கொடுத்திருந்தால், அல்லது கந்துவட்டியை அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதோடு வைத்துத்தான் முடிவெடுக்கவேண்டும். எல்லா நன்மையையும் ரூபாயாக மாற்றி “ஒரு ரூபாய்க்கு ஆறு ரூபாய் சமூகப் பலன்” என்று எழுதும் அறிக்கைகளில், ஒவ்வொரு நன்மைக்கும் யார் எப்படி விலை வைத்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். அந்த விலையைச் சற்று மாற்றினால் ஆறு இரண்டாகிவிடும்.

9. கண்மாய் வேலைக்குத் தனி அளவுகோல்

இந்த வட்டாரத்தில் சங்கங்களும் நிறுவனங்களும் பெரும் பணம் போடும் வேலை தூர்வாருதல். எத்தனை யூனிட் மண் அள்ளினோம் என்ற எண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. வரத்துக்கால் அடைபட்டிருந்தால், மடை ஒழுகினால், உபரி நீர் வழியும் கலுங்கு இடிந்திருந்தால் ஆழப்படுத்திய கண்மாய் வெறும் பள்ளமாகவே இருக்கும்.

மடைக்கு அருகே கல்தூணில் அளவுகோல் வரைந்து வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில் நீர்மட்டம் எழுதுங்கள். ஐப்பசி முதல் பங்குனி வரை நீர் எத்தனை நாள் நின்றது என்பது முதல் குறியீடு. ஆயக்கட்டுக்குள் (கண்மாய் நீர் பாயும் நிலத்துக்குள்) 10 கிணறு, அந்தக் கண்மாய்க்குத் தொடர்பில்லாத 5 கிணறு எடுத்து, நூலில் எடை கட்டி இறக்கி அளவுநாடாவால் நீர்மட்டம் பாருங்கள். மோட்டார் போடுமுன் விடியலில் அளக்கவேண்டும். இறைத்தபின் அளந்தால் மோட்டாரின் வேலைதான் பதிவாகும். பக்கத்து மழைமானியின் அளவையும் அதே நோட்டில் எழுதுங்கள். நல்ல மழை ஆண்டில் தூர்வாராத கண்மாயும் நிறையும். ஆகவே அடுத்த ஊரில் வேலை நடக்காத ஒரு கண்மாயோடு ஒப்பிடாமல் எதுவும் சொல்லமுடியாது. வைகையிலோ பெரியாறு வாய்க்காலிலோ தண்ணீர் திறந்துவிட்டு நிரம்பிய ஆண்டைத் தனியாகக் குறியுங்கள். கடைமடைக்காரரிடம் கேளுங்கள், மேல்மடைக்காரர் மட்டும் சொல்லும் சாட்சி பாதிச் சாட்சி.

மரக்கன்றுக்கு விதி சுருக்கமானது. நட்ட எண்ணிக்கையை விட்டுவிட்டு, இரண்டாவது கோடை தாண்டி உயிரோடு இருப்பவற்றை எண்ணுங்கள். பனைவிதை என்றால் அதற்கும் மேல் பொறுக்கவேண்டும்.

10. தன்னார்வலர் உழைப்பு

மணிக்கணக்கு எல்லோரும் வைத்திருக்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுக்கு 240 மணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்று வரையறையே உண்டு. மணி என்பது போட்ட உழைப்பு. அதில் பயனாளியிடம் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று பிரியுங்கள். பயணம், வரவேற்பு, பதாகை பிடித்துப் படம் எடுத்தல் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சும் மணி சில முகாம்களில் அதிர்ச்சி தரும் அளவுக்குக் குறைவு.

ஒரு பிள்ளைக்கு ஓராண்டில் எத்தனை தன்னார்வலர் மாறினார்கள் என்பது அதைவிட முக்கியமான எண். மூன்றுக்கு மேல் போனால் பிள்ளை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். கல்லூரித் தேர்வு மாதங்களான நவம்பரிலும் ஏப்ரலிலும் மையம் காலியாவது எதிர்பார்க்கக்கூடியதே. உள்ளூர்ப் பெண் ஒருவருக்கு மதிப்பூதியம் கொடுத்து வைத்துக்கொண்டால் தொடர்ச்சி நிற்கும். வெளியூர்த் தன்னார்வலர்கள் அவருக்குப் பாடக்கருவி செய்து கொடுக்கலாம்.

தன்னார்வலர் செய்த வேலையை அதே ஊர்க் கூலியாள் செய்திருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்றும் போட்டுப் பாருங்கள். 50 மாணவர்களின் சாப்பாடு, பேருந்து, தங்குமிடச் செலவில் ஒரு பள்ளிச் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிப்பதைவிட, உள்ளூர்ப் பெயிண்டருக்கு வேலை கொடுத்திருக்கலாம். மாணவர்களுக்கு ஊரைப் பற்றிய அறிவு கிடைத்தது உண்மையான நன்மைதான். அதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், ஊருக்குக் கிடைத்த நன்மைப் பத்தியில் வேண்டாம்.

11. எவ்வளவு செலவழிக்கலாம்

ஆண்டுக்கு மூன்று லட்சத்தில் நடக்கும் சிறு அறக்கட்டளை ஒப்பீட்டுக் குழு ஆய்வுக்கெல்லாம் போகவேண்டாம். ஏற்கெனவே பலன் நிரூபணமான வேலையைத் தேர்ந்தெடுத்து, அது சரியான ஆளைச் சரியான அளவில் சேர்ந்ததா என்று மட்டும் சுத்தமாகக் கணக்கு வைத்தால் போதும். வெள்ளத்தில் சோறு கொடுப்பவர்களும் அப்படியே: எந்தத் தெரு விடுபட்டது, எத்தனை மணி நேரத்தில் போனோம் என்பதே அளவீடு. புதிய முறை எதையாவது பல ஊருக்கு விரிக்க நினைப்பவர்கள்தான் முழு அளவீட்டில் இறங்கவேண்டும். திட்டச் செலவில் நூற்றுக்கு ஐந்து ரூபாயை முதலிலேயே ஒதுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் நடக்கும் வேலைக்குச் சட்டமே சொல்கிறது. முந்தைய மூன்று நிதியாண்டுகளில் சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவிடவேண்டிய கடமையுள்ள நிறுவனங்கள், ஒரு கோடியோ அதற்கு மேலோ மதிப்புள்ள திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்தபின், வெளியார் மூலம் தாக்க மதிப்பீடு செய்யவேண்டும். அந்தப் பணம் உங்கள் அமைப்புக்கு வருகிறது என்றால், மதிப்பீட்டாளர் கடைசியில் வந்து கேட்கப்போகும் தொடக்க நிலை விவரத்தை இன்றே எடுத்து வையுங்கள்.

நன்கொடை கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். நிர்வாகச் செலவு குறைவு என்பதை மட்டும் பார்த்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பலனை அளப்பதும் கணக்கில் நிர்வாகச் செலவாகவே விழும். 80ஜி சான்றிதழ் வரிக்கழிவுக்கு உதவும், தொண்டின் தரத்துக்கு அது சான்று ஆகாது. “உங்கள் வேலையில் பலிக்காதது எது, அதற்குப் பின் எதை மாற்றினீர்கள்?” என்று கேளுங்கள். தயங்காமல் எண்ணோடு பதில் சொல்லும் அமைப்பு அளக்கத் தெரிந்த அமைப்பு.

12. முடிவை ஊரிடம் கொண்டுபோங்கள்

எந்த எண் வந்தால் தொடர்வது, எந்த எண் வந்தால் மாற்றுவது, எந்த எண் வந்தால் நிறுத்துவது என்று கணக்கெடுப்புக்கு முன்னரே நிர்வாகக் குழுவில் எழுதிக் கையெழுத்திடுங்கள். எண் வந்தபின் எழுதினால் எல்லா எண்ணும் நல்ல எண்ணாகத் தோன்றும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டிச் சொல்லிப் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு சார்ட் தாளில் மூன்று எண், பெரிய எழுத்தில். தனிநபர் பெயரோ படமோ கூடாது. வாசித்து முடித்ததும் “இது சரியா?” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். கணக்கில் வராத காரணம் அங்கேதான் வெளியே வரும்: மையம் விடும் நேரத்துக்குப் பஸ் இல்லை, பொம்பளப் பிள்ளையை இருட்டில் அனுப்ப முடியாது, தையல் மிஷினை வீட்டுக்காரர் அடகு வைத்துவிட்டார். சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காத பெண்களிடமும் காலனிக்காரர்களிடமும் மறுநாள் தனியாகப் போய் அதே தாளைக் காட்டிக் கேளுங்கள். அவர்கள் சொன்னதைச் சேர்த்துத் திருத்திய தாளின் ஒரு படியை ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். இன்னொரு படியை நன்கொடையாளருக்கு அனுப்புங்கள், எண் எதையும் மாற்றாமல்.